கிண்ணியாக்காரர் கேட்ட றெஃபரி

இயேசு மரி சூசை

டைக் வீதி,
திருகோணமலை.
9.9.1982

அன்பு மகள் இன்பமலருக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் காய்ச்சல், தலையிடி என்று ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை நீ பதறாமல் வாசிப்பாய். கொட்டாஞ்சேனை விடுதியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாய் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நேற்று மாதா பிறந்தநாள் பூசை. உன் பேருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கச்சான் காற்றுக்கு அது நின்று எரிந்ததே பெரிய காரியம்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு கமராச் சாமான்களை வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். உனக்கென்று பொரித்த இறால் மூடி வைத்தபடி கிடந்தது. அஞ்சு மாதமாகத் தொலைக்காட்சியின் விளையாட்டுப் பகுதியில் பயிற்சி என்ற பேரில் வயர் சுருட்டுகிறாய், கிரிக்கெட் ஓட்டங்களை அட்டையில் எழுதுகிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதற்கா கம்பஸ் வரை படித்தாள் என்று உன் அப்பாவிடம் சண்டையும் பிடித்தேன். ஆனால் அன்று மைதானத்தில், அவ்வளவு ஆண்களுக்கு நடுவே நின்று கமராக்காரரிடம் இதைப் பிடியுங்கள், அதைப் பிடியுங்கள் என்று நீ கையை நீட்டிச் சொன்னதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த அயல்வீட்டுப் பாக்கியரத்தினத்தின் மனைவி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலிருந்தே உன் மதிப்பை விளங்கிக்கொள்.

படத்தோடு சேர்த்து வாசிக்க ஊர்ச் சங்கதி ஏதும் எழுதி அனுப்பச் சொன்னாய். இதை எழுதிக்கொள். துறைமுகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் எங்கள் டச் பே பொடியன்களும் கிண்ணியாப் பொடியன்களும் மோதும்போது, றெஃபரி யார் என்று தண்ணீரைத் தாண்டி வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு முதல் கதிரை என்பதுபோல அது ஒரு முறை. கிண்ணியாக்காரர் எத்தனையோ வருஷமாக உன் அப்பாவைத்தான் கேட்கிறார்கள். அவர் டச் பேக்காரர், அவர்களுக்கு எதிராக விளையாடுகிற பாதிப்பேர் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று தெரிந்தும் கேட்கிறார்கள். பேணாட் அண்ணன் விசில் ஊதினால் அது ஊதினதுதான் என்று அவர்களுடைய கப்டன் ஸைனுலாப்தீன் சொல்வாராம். இதைச் சொல்லும்போது மட்டும் உன் அப்பா முகத்தில் ஒரு பெருமை தெரியும். மற்ற நேரம் அந்த முகத்தில் என்ன தெரியும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு கோல் என்று நின்ற ஆட்டத்தில், முடியப் போகிற நேரம் எங்கள் பக்கத்து ஹெக்டர் அடித்த கோலை அப்பா கொடுத்தார் அல்லவா? அது தலையால் அடித்ததல்ல, கையால் தட்டியது என்று கிண்ணியா முழுதும் கதை. ஹெக்டரைக் கேட்டால் வாயைத் திறக்காமல் நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறான். கோட்டில் கொடியோடு நின்ற இருவரும் தங்கள் கண்ணுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக எல்லாம் அப்பாவின் தலையில். பேணாட்டும் கடைசியில் தன் ஆட்களுக்குத்தான் ஊதினார் என்கிறார்கள் அந்தப் பக்கம். எங்கள் பக்கத்தார் அதைவிட மோசம். பாக்கியரத்தினம் வீட்டுப் படலையில் நின்று, இரத்தம் தண்ணீரை விடத் தடிப்புத்தானே பேணாட் என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். அந்தத் தட்டுக்கு ஒரு அடி அடித்திருக்கலாம்.

துறைமுகப் பண்டகசாலையில் அப்பாவும் ஸைனுலாப்தீனும் ஒரே மேசையில்தான் மத்தியானம் சாப்பிடுவார்கள். அவர் கிண்ணியாத் தயிர் கொண்டுவருவார், நான் கொடுத்துவிடும் மீன் கறியில் பாதி அவருக்குப் போகும். இந்தக் கிழமை அவர் வேறு இடத்தில் சாப்பிடுகிறாராம். அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வருகிறது. விசிலைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டார்.

ஆகையால் மகள், நீ ஒன்று செய். அந்தக் கோலை உங்கள் நிகழ்ச்சியில் வடிவாகக் காட்டு. இரண்டு தரம் காட்டினாலும் நல்லது. கிண்ணியாவில் கழகத் தலைவர் ஜமால்தீனின் கடைக்கு, குவைத்தில் இருக்கிற மகன் ரீவி அனுப்பியிருக்கிறார். நிகழ்ச்சி வருகிற ஒக்டோபர் முதல் ஞாயிறு அன்று ஊரே அங்கே கூடப் போகிறதாம். அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அதைக் காட்டத் தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெட்கம்.

அவர் என் சொல்லை எப்போது கேட்டார்? மழை இருட்டுகிறது, குடையைக் கொண்டுபோங்கள் என்றால் நனைந்துகொண்டு வருவார். கலியாணப் படத்திலேயே பார். போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்த, இவர் கோயில் வளவில் யாரோ அடித்த பந்தைப் பார்த்துக்கொண்டு, அதுவும் அரைக்கண் மூடினபடி நிற்கிறார். இருபத்தாறு வருஷமாக அந்தப் படம் ஹோலில் தொங்குகிறது. வருகிறவர்கள் மாப்பிள்ளைக்குக் கண் நோயா என்று கேட்கிறார்கள். ஆகவே அவர் சொல்வதை நீ கணக்கில் எடுக்காதே. காட்டு.

மாதா உனக்குத் துணை.

அன்பு அம்மா,
திரேசம்மா


இயேசு மரி சூசை

டைக் வீதி,
திருகோணமலை.
17.9.1982

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பினாய். அப்போதே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்தது. நாலாம் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மேசைக்குக் கீழே வைத்து வாசித்தேன். பிள்ளைகள் கூச்சல் போட்டதுகூடக் கேட்கவில்லை.

நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். பந்து கோட்டுக்கு வெளியே போய் மேய்ந்துகொண்டு நின்ற ஆடுகளுக்குள் உருண்டது. எங்கள் பக்கத்துக்கு மூலை உதை. பந்தை எடுக்க ஒருவன் ஓடினான். அந்த இடைவெளியில், அப்பாவை ஒருதரம் பிடியுங்கள், அம்மாவுக்கு ஆசை என்று நீ கமராக்காரரிடம் சொன்னாய். அவரும் திருப்பினார். அப்பா அதைக் கண்டுவிட்டார். தலைமயிரைத் தடவினார், கொலரை இழுத்துவிட்டார், நேரே கமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தவர் சிரித்தபடியே நின்றார். அதற்குள் பந்து வந்து, உதைத்து, சனம் கத்தி, அவர் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள். விசிலை ஊதி நடுவைக் காட்டிவிட்டார்.

கமரா ஒன்றுதான் என்பதால் கோல் நாடாவில் இல்லை. ஹெக்டரின் கையும் இல்லை, நெற்றியும் இல்லை. அப்பாவின் சிரிப்புத்தான் இருக்கிறது.

இதை வாசித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஆட்டத்தன்று காலை நடந்தது ஞாபகம் வந்தது. அவருடைய கறுப்புச் சட்டைக்கு அயர்ன் போடும்போது, இஞ்சருங்கோ, ஒருக்காவாவது கமராவை நேரா பாருங்கோ, மன்னாரில அக்கா ஆக்களும் பாப்பினம், கலியாணப் படத்தில நிண்ட மாதிரி நிக்காதேங்கோ என்று சொன்னவள் நான்தான். அவர் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். வழக்கம்போலக் காற்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். இந்த மனுசன் போயும் போயும் அந்த ஒரு சொல்லையா கேட்க வேண்டும்?

நீ அழுதுகொண்டு எழுதியிருக்கிறாய். மை பரவியிருக்கிறது. நீ உன் வேலையைத்தான் செய்தாய். கமராவைத் திருப்பினது குற்றம் என்றால் திருப்பச் சொல்லி ஆசைப்பட்டவளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போ.

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, காட்டத் தேவையில்லை என்று அவர் ஏன் சொன்னார் என்று. ஊதிவிட்டார், பிறகு கிண்ணியாப் பொடியன்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பார்க்கவில்லை என்று அந்த இடத்தில் அவர் எப்படிச் சொல்லுவார்? ஊதின காற்றைத் திரும்ப வாய்க்குள் இழுக்க ஏலுமா? எங்கே பார்த்தீர் என்று கேட்டால் என்ன சொல்லுவார்? அன்றிலிருந்து மனுசன் அதை விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் இருக்கிறார். பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்கும் தெரியவில்லை.

என்ன செய்வது என்று கேட்கிறாய். மூன்று நிமிஷத் துண்டை நீயே வெட்டி ஒட்டலாம், பொறுப்பாளர் நாடாவை இன்னும் பார்க்கவில்லை, உனக்கும் கமராக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்கிறாய். காட்டினால் அப்பா ஊர் சிரிக்கிற ஆள். காட்டாவிட்டால் களவாக ஊதின ஆள் என்ற பேர் அப்படியே நிற்கும். நானும் நேற்று முழுதும் இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இடைவேளையில் ஒருவனை றெஃபரியாக நிறுத்தி, அவன் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு விசில் ஊத, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இதுவே தாங்கவில்லை. கமராவைப் பார்த்துப் பல்லிளித்தார் என்று தெரிந்தால் அந்த மனுசன் துறைமுகத்து வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். களவு என்ற கதைக்காவது சாட்சி இல்லை. நாளடைவில் கரைந்துவிடும்.

வெட்டிவிடு மகள். கடலைக் காட்டு, சனத்தைக் காட்டு, கோட்டைப் பக்கத்து மான்களைக் காட்டு, கிண்ணத்தைக் கொடுக்கிறதைக் காட்டு. அப்பாவைக் காட்டவே வேண்டாம். அந்தத் துண்டை அழித்துவிடலாம் என்றால் அழித்துவிடு. நாடாவின் மேல் நாடாவாகத் திரும்பத் திரும்பப் பதிவார்கள் என்று நீதானே ஒருமுறை எழுதினாய். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

விடுதியில் தண்ணீர் பிரச்சினை தீர்ந்ததா? சளிக்கு மல்லித் தண்ணீர் குடி.

அம்மா


இயேசு மரி சூசை

டைக் வீதி,
திருகோணமலை.
25.9.1982

அன்பு மகள் இன்பமலருக்கு,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். போன கடிதத்தில் சொன்னதைச் செய்துவிட்டாயோ என்ற பயம். செய்திருக்காவிட்டால், கையை எடு. முழுதும் வாசித்துவிட்டுச் செய்.

திங்கட்கிழமை கிண்ணியாவிலிருந்து ஆள் வந்தது. அடுத்த மாத ஆட்டத்துக்கு மட்டக்களப்பிலிருந்து றெஃபரி வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்ட அப்பா, ஓம், அவை கேக்கிறது சரிதானே என்றார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். திரேசு, நான் அந்தக் கோலைக் காணேல்லை என்றார். எங்கே பார்த்தேன் என்றும் சொன்னார். ஏன் பார்த்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார். அது எனக்கு அடித்ததைவிட நொந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிகிற நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் கிண்ணியாவுக்குப் போனோம். நீ வர வேண்டாம் என்றார். நான் வருவேன் என்றேன். துறையில் பாதைத் தெப்பம் அக்கரையிலிருந்து வந்து அணையும்வரை வெயிலில் நின்றோம். ஒரு நெல் லொறி ஏற, ஓரத்தில் நாங்களும் ஏறினோம். ஆறு தாண்டி முடியும்வரை அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே நின்றார். விசில் என்று பிறகு தெரிந்தது.

ஜமால்தீன் முதலாளியின் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஸைனுலாப்தீனும் இருந்தார். கதிரை போட்டார்கள், பிளேன்ரீ கொடுத்தார்கள். எனக்கு உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீரும் கொடுத்தார்கள். மரியாதையில் ஒரு குறை சொல்ல ஏலாது. அப்பா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். நான் கோலைக் காணேல்லை, கமராவைப் பாத்துக்கொண்டு நிண்டனான், காணாத கோலைக் குடுத்தது என்ர பிழை என்றார். விசிலை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை, மகள். அதுதான் பெரிய காரியம். சிரித்திருந்தால் முடிந்திருக்கும். ஜமால்தீன் முதலாளி விசிலை எடுத்துத் திரும்ப அப்பாவின் கையில் வைத்து, பேணாட் அண்ணன், ஹெக்டர் பொடியன்ட பேரைக் காப்பாத்த நீங்க உங்களை விசரனாக்கிறீங்க, இது தேவையில்ல என்றார். ஸைனுலாப்தீன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், இத்தினை வருசத்தில உங்கட தலையில காகம் எச்சம் போட்டாலும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத ஆள் நீங்க, கமராவைப் பாத்தீங்க எண்டு சின்னப் புள்ளையும் நம்பாது என்று. கையால தட்டினதை நீங்க கண்டீங்க, கண்டுட்டுத்தான் குடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க, நாங்க மறந்திடுறம் என்றார்.

 உண்மையைச் சொன்னவருக்குப் பொய்யை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்கிறார்கள். அவர் நல்லவர் என்பதே அவருக்கு எதிராக நின்றது. இதற்கு மேல் என்னால் பொறுக்க ஏலவில்லை. நான் எழும்பி, பாக்கச் சொன்னது நான்தான், கலியாணப் படத்தில கண் மூடின மனுசன் இதிலாவது நேரா பாக்கட்டும் எண்டு ஆசைப்பட்டனான் என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். படம் கொழும்பில் என்ர மகளிடம் இருக்கு, ஒக்டோபர் முதல் ஞாயிறு பாருங்கோ என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன். அது நாடாவில் இருப்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பாதையில் கோபிப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு நாளாய்த் தெரியும் என்று கேட்டார். போன கிழமை தொடக்கம் என்றேன். பிள்ளை அழிச்சிட்டாளோ என்றார். தெரியாது, நான்தான் அழிக்கச் சொன்னேன் என்றேன். இக்கரையில் இறங்கிய பிறகு, அழிக்காட்டில் போடச் சொல்லு என்றார். வீட்டுப் படலையைத் திறக்கும்போது, கண் மூடாமல் இருக்குதாமோ என்று கேட்டார். திறந்துதான் இருக்குதாம் என்றேன். உன் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் சிரித்தார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, கண் மூடிக்கொண்டா சிரிப்பார்?

ஆகவே மகள், அம்மா முதல் சொன்னதை மறந்துவிடு. உன் பொறுப்பாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லு. றெஃபரி உன் தகப்பன் என்பதையும் மறைக்காதே, பிறகு தெரியவந்தால் அதுவும் ஒரு களவாகிவிடும். பொறுப்பாளர் சிரிப்பார். சிரிக்கட்டும். அதனால் உன்னை வேலைக்கு நிரந்தரமாக எடுக்காமல் விட்டாலும் வீட்டுக்கு வா, ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டோம். அவர் சம்மதித்தால் அந்த முதல் ஞாயிறு அன்று அதைக் காட்டு. பாக்கியரத்தினம் வீட்டு ரீவியில் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் அங்கே போகவில்லை. அப்பா கிண்ணியாவுக்கே போய், ஜமால்தீன் கடையில் அவர்களோடு இருந்து பார்ப்பதாகச் சொல்கிறார். நானும் போவேன். சிரிக்கிறவர்கள் எங்கள் முகத்துக்கு நேரே சிரிக்கட்டும். அதற்குப் பிறகும் மட்டக்களப்பிலிருந்துதான் றெஃபரி வேண்டும் என்றால் சரி. காணாமல் ஊதினவருக்கு அது நியாயம்தான். ஆனால் கண்டு ஊதினவர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க ஏலாது. எனக்கும் ஏலாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேரம் காணாது என்று அந்த இடத்தைக் குறைத்துவிடாதே. அவர் தலைமயிரைத் தடவுவது, கொலரை இழுப்பது எல்லாம் இருக்கட்டும். ஊர் என்னத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டாதே, மகள். அது எனக்கென்று சிரித்தது.

மாதா உன் தலையிலும் கையிலும் தன் கையை வைத்திருப்பாளாக.

அன்பு அம்மா,
திரேசம்மா

பி.கு: அப்பா பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார். ஏதும் எழுதட்டுமா என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். கொஞ்சம் பொறுத்து, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேள் என்றார்.